இரண்டாவது கோடு

மீதியிருந்த ஒரே டெஸ்ட் கிட்டை அழுக்குத் துணிக் கூடையின் அடியில் திணித்து, மேலே இரண்டு போர்வைகளை அமுக்கி வைத்தாள் அவள்.

"அந்த இன்னொரு கிட் எங்கம்மா?" கூடத்திலிருந்து கணவன் கேட்டான். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

"தீர்ந்து போச்சுங்க."

"ரெண்டு வாங்கினோமே?"

"ஒண்ணு தண்ணியில விழுந்து பாழாயிடுச்சு."

பொய்யைச் சொன்ன கையோடு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. ஆறு வயசு. எழுந்து நடமாடினால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். இரண்டு நாளாகச் சுருண்டு கிடக்கிறாள்.

நேற்று எடுத்த கோவிட் டெஸ்டில் ஒரு கோடுதான் விழுந்தது. ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு விழுந்தால் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடியும் எடுத்துப் பாருங்கள் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது. அந்த வரியைப் படித்த பிறகுதான் கிட்டை ஒளிக்க இடம் தேடினாள்.

நாளை மறுநாள் ஆபரேஷன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவனுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவளுடைய கிட்னி ஒன்றை எடுத்து அவனுக்கு வைக்கப் போகிறார்கள். ரத்தம், ஸ்கேன், கமிட்டி, கையெழுத்து என்று பதினோரு மாதம் அலைந்து வாங்கிய தேதி அது.

வீட்டில் யாருக்காவது கோவிட் என்றால் தேதி போச்சு. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

போன மாதம் நுரையீரலில் நீர் கோத்து, பாத்ரூம் வாசலில் அவன் மூச்சு வாங்க முடியாமல் விழுந்தான். "இன்னொரு தடவை இப்படி ஆனா எங்க கையில இல்லம்மா" என்று டாக்டர் சொன்னதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

அவன் மாஸ்க்கோடு அறை வாசலில் வந்து நின்றான். "நான் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்திடறேன்."

"வீங்கின காலோட மூணு மாடி இறங்கப் போறீங்களா?"

"மனசு கேக்க மாட்டேங்குதும்மா. ஒரே ஒரு தடவை பார்த்திடலாம்."

நேற்றும் அப்படித்தான். ஒற்றைக் கோடு விழுந்த பட்டையை அவள் குப்பையில் போடப் போனபோது வாங்கிக்கொண்டான். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கலாமா?" என்றான். பெற்ற மனசு, என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். தானும் ஒரு தாய்தானா என்று சந்தேகமும் வந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"வீட்டுல யாருக்கும் காய்ச்சல், இருமல் இல்லையே?"

'இல்லை' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எதுக்குக் கேக்கறேன்னா, புது கிட்னி ஒட்டணும்னா அவரோட எதிர்ப்பு சக்தியை மருந்து குடுத்துக் குறைப்போம். அந்த நேரத்துல சின்னத் தொற்று வந்தாலும் காப்பாத்தறது கஷ்டம்."

சொன்னால் தேதி போகும். சொல்லாவிட்டால் ஆளே போகலாம்.

"குழந்தைக்குக் காய்ச்சல் சிஸ்டர். நேத்து கோவிட் இல்லைன்னு வந்துச்சு. இன்னொரு தடவை பார்த்துட்டுக் கூப்பிடவா?"

"பாருங்க. அது இல்லைன்னா தேதி மாறாது. குழந்தையை மட்டும் வேற யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க."

துணிக்கூடையைக் கவிழ்த்து கிட்டை எடுத்தாள். அவன் பார்த்தான்.

"மறுபடியும் குச்சியா? நேத்தே மூளை வரைக்கும் விட்டுட்டே!" மகள் போர்வைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம், கொஞ்சம் ஒத்துழைங்க மேடம்" என்றான் அவன் வாசலிலிருந்து.

குச்சியை எடுத்து, கலக்கி, நாலு சொட்டு விட்டு, பட்டையை மேசைமேல் வைத்தாள். பதினைந்து நிமிஷம். அவன் வாசலில் கண்ணை மூடி நின்றான். மாஸ்க்குக்குள் உதடு அசைவது தெரிந்தது. அவளும் வேண்டிக்கொண்டாள். வந்துடாதே, வந்துடாதே.

முதல் கோடு பளிச்சென்று விழுந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு. பதினைந்தும் ஆனது. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று வெற்றிடம்.

அவள் ஓடிப் போய் போனை எடுத்தாள். "இல்லை சிஸ்டர்! ஒரு கோடுதான்!"

"நல்லது. அப்ப நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வந்து அட்மிட் ஆயிடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் கதவோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி?" பக்கத்தில் உட்கார்ந்து கையை விலக்கினாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "நாம வேண்டிக்கிட்டது வீண் போகலைங்க."

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"உன்னை அறுத்துத்தான் நான் பிழைக்கணுமா? ரெண்டு கோடு வரணும்னுதான்மா நான் வேண்டிக்கிட்டேன்."