‘ம்’ சொல்ல வேண்டிய இடம்

கதை முடிகிற இடத்தில் வைக்க ஒரு ‘ம்’ அகப்படவில்லை.

மற்றதெல்லாம் தயார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கக் கதையைச் சொல்லி முடித்தாயிற்று. அலமாரியில் துணி தொங்கினால் குரல் எதிரொலிக்காது. இப்போது பாதி அலமாரி காலி. அந்தப் பக்கத்தில் போர்வைகளை மாட்டிவைத்திருந்தான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன் அவன். வாரம் முழுக்க ஊரார் கண்ணுக்கு உழைப்பான். ஞாயிறு அவர்கள் காதுக்கு.

புராணக் கதை சொல்லும் பாட்காஸ்ட். பணமா காசா, சும்மா ஆசைக்குத்தான். அவன் சொல்வான், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்’ கொட்டுவாள். ஆரம்பத்தில் அந்த ‘ம்’களை இரைச்சல் என்று வெட்டி எறிந்தவன்தான் இவன். ஒரு தடவை ஒன்று தப்பிப்போய் உள்ளே இருந்துவிட, கேட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கதைக்காக வந்தவர்களைவிட ‘ம் அக்கா’வுக்காக வந்தவர்கள்தான் அதிகம்.

இப்போது அக்கா இல்லை. கேட்பவர்களுக்கு அது தெரியாது.

பழைய பதிவுகளிலிருந்து அவளுடைய ‘ம்’களைப் பொறுக்கியெடுத்து வைத்திருந்தான். ஆச்சரிய ‘ம்’, நம்பாத ‘ம்’, கொட்டாவியோடு வருகிற ‘ம்’. அசுரன் வந்தால் இதை ஒட்டு, சாபம் விழுந்தால் அதை ஒட்டு. ஒட்டிய இடம் தெரியாமல் இழைத்துவிடுவான். கண்ணாடி தேய்க்கிற கையல்லவா.

அப்படியும் யாரோ ஒரு பாம்புச்செவிக்காரர் போன வாரம் எழுதியிருந்தார்: “அக்காவோட ‘ம்’ இப்பல்லாம் ஒரே மாதிரி கேக்குதே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” கொஞ்சம் ஜலதோஷம் என்று பதில் போட்டான். பாவி, வேறென்ன சொல்வான்?

தங்கைக்கு மட்டும் எல்லாம் தெரியும். காலையில் சாப்பாடு கொண்டுவந்தவள், அலமாரியில் தொங்கும் போர்வைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணா, வாய்விட்டு அழுதாவது தொலைச்சிடேன். இது என்ன கூத்து? பாக்கவே சகிக்கல.”

அழுகை வந்தால்தானே? வாயைத் திறந்தால் கதைதான் வந்தது.

இந்த வாரக் கதை எந்தப் புராணத்திலும் இல்லாதது. அவனாகக் கட்டியது. கடலின் அடியில் கதைகள் கிடக்கின்றன என்று கேள்விப்பட்ட ஒருவன், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்பவள் மனைவி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். மேலே அவளுடைய உள்ளங்கை உரிந்து போகிறது. ஒரு வழியாகக் கரையேறி, அள்ளி வந்த கதைகளையெல்லாம் அவள் காலடியில் கொட்டி, “எல்லாம் உனக்காகத்தான்” என்கிறான்.

அங்கே அவள் ‘ம்’ சொல்ல வேண்டும். அதோடு கதை முடிகிறது.

ஏதோ ஒரு ‘ம்’ போதாது. மனசு இளகி, சரி போகட்டும் என்று விடுகிற ‘ம்’ வேண்டும். அது ஒன்று கிடைத்துவிட்டால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிற பாரம் இறங்கிவிடும் என்று அவன் நம்பினான். கிடைக்காவிட்டால் என்ன ஆவான் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

வெட்டாத பழைய பதிவுகளைத் தோண்டினான். அவள் செருமினாள், தண்ணீர் குடித்தாள், நாற்காலியை நகர்த்தினாள். ஓரிடத்தில், “ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். உடனே அவன் குரல் குறுக்கே வந்தது: “இரும்மா, ரெக்கார்டிங் ஓடுது.”

அதைத் தாண்டிப் போனான். இன்னொரு பதிவிலும் “ஏங்க” என்றாள். அதையும் தாண்டினான். அவனுக்கு வேண்டியது ‘ம்’.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கதவைச் சாத்தட்டுமா என்று அவன் எப்போதோ கேட்டதற்கு அவள் சொன்ன ‘ம்’. மெதுவாக, லேசான மூச்சோடு.

வெட்டினான், ஒட்டினான், ஓடவிட்டான்.

எல்லாம் உனக்காகத்தான். ம்.

அப்போதுதான் அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதான். மூக்கைச் சிந்திக்கொண்டே கதையை வெளியிட்டான்.

அரைமணி ஆகியிருக்காது, கைபேசி அடித்தது. திரையில் மனைவியின் பெயர்.

தன் துணிமணியை வாரிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து, அவன் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்காதவள். இன்று அவளாகவே கூப்பிடுகிறாள். அவசரமாக எடுத்தான்.

“கேட்டேங்க,” என்றாள். “அந்த இடத்துல நான் ‘ம்’ சொல்லியிருக்க மாட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூடச் சமாளித்திருப்பான். பதறிப்போய்ப் பேச ஆரம்பித்தான். அது வெறும் கதைதான் என்றான். இல்லை, வெறும் கதை இல்லை என்றான். அந்தப் பெண் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று விளக்கினான், கடல் எவ்வளவு ஆழம் என்று விளக்கினான். வந்துவிடு, வீடு வீடாகவே இல்லை என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினான்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

இணைப்பு போய்விட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.