பிரிக்காத பெட்டி

"அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வைங்க, அஃபாந்தே! பெட்டியைப் பிரிச்சீங்கன்னா என் பொழப்பே போச்சு!"

அமோயித் போட்ட கூச்சலில் எல்லைச் சாவடியே திரும்பிப் பார்த்தது. உகாண்டாவிலிருந்து கென்யாவுக்குள் வந்த பஸ் அப்போதுதான் நின்றிருந்தது. சோதனை போட ஏறினால் முதல் சீட்டிலேயே இவள், பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பெற்ற பிள்ளை மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் மரியாதையாக 'அஃபாந்தே' என்று கூப்பிடும் அதிகாரி மகோகா சும்மா விடுவாரா? பெட்டியும் கையுமாக அவளை மேஜைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"பொம்மைதானேம்மா? பிரிச்சா என்ன குடி முழுகிப் போகுது?"

"பிரிக்கறதையே வீடியோ எடுக்கணும், அஃபாந்தே. நான் பொம்மை விமர்சனம் பண்றவ. துண்டு துண்டா மாட்டிக் காட்டி, வாங்கலாமா வேணாமான்னு சொல்லுவேன். சாயங்காலம் கிசுமுவுல ஒரு கடைத் திறப்பு. அங்கேதான் பிரிக்கணும். போய்ச் சேரலைன்னா அந்த வேலை வேற ஒருத்திக்குப் போயிடும்."

மகோகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம்தான் யாரோ கடத்தல்காரர்கள் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். இன்னொரு தடவை ஏமாந்தால் வடக்கே பொட்டல் காட்டுக்கு மாற்றல் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அங்கெல்லாம் வரமாட்டேன் என்று வீட்டில் மனைவி வேறு இப்போதே சண்டை.

"வளந்த பொம்பளை பொம்மை மாட்டறதுக்குச் சம்பளமா? யார் காதுல பூ சுத்தறே?"

கத்தரிக்கோல் இறங்கியது. பிளாஸ்டிக் துண்டுகள் மேஜையில் கொட்டின. மகோகா ஒவ்வொரு பொட்டலத்தையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"மாட்டு! கேமராவுல எப்படிப் பேசுவியோ அப்படியே பேசிக்கிட்டு மாட்டு. நீ யாருன்னு அதுல தெரிஞ்சிடும்."

அமோயித் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "வணக்கம் மக்களே! இன்னிக்கு நாம பார்க்கப்போறது காடு மேடெல்லாம் ஏறற ஜீப். டயர் நல்ல பெருசு. அச்சுல ஸ்பிரிங் இருக்கு, அமுக்கினா துள்ளுது பாருங்க. இப்ப இந்தக் கீலைத் தூக்கிக் கதவைத் திருப்பினா…"

ஜீப் எழுந்து இரண்டு காலில் நின்றது. "இயந்திர மனுஷன்!"

மேஜையைச் சுற்றிக் கூடிவிட்ட காவலர்கள் கைதட்டினார்கள். மகோகா தட்டவில்லை.

"எல்லை தாண்டினதும் உருவம் மாத்தற வண்டி நான் நிறையப் பார்த்திருக்கேன். இந்தக் குட்டி ஆளுங்க யாரு?"

"வண்டியோட வர்றவங்க, அஃபாந்தே. இவ டிரைவர், இவன் மெக்கானிக்."

மகோகா டிரைவர் பொம்மையின் முடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. "அடேங்கப்பா, டோப்பா!" தலையைத் திருப்பினார். பின்பக்கமும் ஒரு முகம். "இங்கே பாருங்கடா! முன்னாடி சிரிக்கிறா, பின்னாடி முறைக்கிறா!"

"கோவமா காட்டணும்னா திருப்பி வெச்சுக்கலாம், அஃபாந்தே."

"என் வீட்டுக்காரிக்குத் திருப்பாமலே ரெண்டும் வரும்," என்றான் ஒரு காவலன்.

"மூடு வாயை! ஏம்மா, எல்லாம் மாட்டிட்டேங்கறே, இதென்ன மேஜையில மிச்சம்?"

"பொடித் துண்டு தொலைஞ்சு போகும்னு கம்பெனியே கொஞ்சம் கூடுதலா போடும்."

"கேட்காமலே கூடுதலா குடுக்கற கம்பெனி எந்த ஊர்ல இருக்கு? எதையோ மாட்டாம மறைக்கிறே. கழட்டு! முதல்லேருந்து மாட்டு!"

பஸ் ஹாரன் அலறியது. டிரைவர் ஒடேரோ தலையை நீட்டினான். "அஃபாந்தே, சோதனை போட வர்றீங்களா, இல்ல நாங்க இங்கேயே குடும்பம் நடத்தறதா? ஏத்தின கோழியெல்லாம் வெக்கையில செத்துடும்!"

"பொறுய்யா!"

அவன் பொறுக்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அமோயித் அப்போது ஒரு சக்கரத்தைத் தலைகீழாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். மகோகாவுக்கு வந்ததே கோபம்!

"தொலைஞ்சு போடா! தடுப்பைத் தூக்குங்கடா, இவன் சத்தம் தாங்கலை!"

"ஐயோ, என் பஸ்!" என்று அமோயித் எழுந்தாள்.

"நீ உட்காரு!"

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

இரண்டாம் முறையும் ஜீப் மனிதனாகி நின்றது. மகோகா ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொம்மை பொம்மைதான்.

"கடைசியா என்ன சொல்றேன்னா மக்களே," அமோயித்தின் குரல் உடைந்தது, "ஜீப்பா இருக்கறப்ப ஜோர். மனுஷனா நிக்கறப்ப முட்டி தள்ளாடுது. விலையும் ஜாஸ்தி. தள்ளுபடி வந்தா வாங்குங்க." அத்தோடு மேஜையில் கவிழ்ந்து விம்மி விம்மி அழுதாள்.

மகோகாவுக்குப் பாவமாகிவிட்டது. பாவி, ஒரு பொண்ணு பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டோமே என்று உள்ளே குத்தியது. ஆபீஸ் ஜீப்பிலேயே அவளை ஏற்றி, வழியில் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்து, அடுத்த ஊர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

"மன்னிச்சுக்கோ தங்கச்சி. சந்தேகப்படறதுதான் எங்க வேலை. இங்கே கிசுமு வண்டி உடனே வரும்."

"பரவாயில்லை, அஃபாந்தே. நீங்க உங்க கடமையைச் செஞ்சீங்க."

இன்றைக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை என்ற நிம்மதியோடு அவர் திரும்பிப் போனார். ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அமோயித் அந்த ஊர்ச் சந்தைக்குப் பின்பக்கம் நடந்தாள். அங்கே ஒடேரோவின் பஸ் நின்றிருந்தது.

"கடத்திட்டு வந்த சர்க்கரை மூட்டையெல்லாம் இறக்கியாச்சா?"

"இறக்கியாச்சு முதலாளி," என்றான் ஒடேரோ. "சீட்டுக்கு அடியில ஒரு பய குனிஞ்சு பார்க்கலை!"