திறக்காத கேட்

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் தீபாவளி. காஜா பெராங் வட்டாரத்தில் எல்லா வீட்டுக் கதவுகளும் விருந்தாளிகளுக்காகத் திறந்திருக்கின்றன. பொன்னுதுரையின் புது பங்களா கேட் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. மேசையில் முறுக்குத் தட்டு; கிளாஸ்களில் ஐஸ் கரைந்து ஆரஞ்சு கிரஷ் வெளுத்துக்கொண்டிருக்கிறது. நாய் குரைக்கிறது. பொன்னுதுரை திரைச்சீலையை ஒதுக்கிப் பார்க்கிறார். முன்பு அவர் கடைக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த கூட்டாளி தாவூத், கையில் பையோடு சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார்.

"ஏதாச்சும் கேக்கத்தான் வந்திருப்பான். நான் இல்லேன்னு சொல்லு."

"வருசா வருசம் நம்ம முறுக்குத் திங்க வர்றவருதானேங்க?" என்கிறாள் மனைவி ருக்மணி. அவர் திரைச்சீலையை இழுத்து மூடுகிறார். தாவூத் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார். அதிலிருந்து வாழைப்பழச் சீப்பு ஒன்று எட்டிப் பார்க்கிறது. சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் பொன்னுதுரை வெளியே வருகிறார். பையைத் தொடவில்லை. பூட்டை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.