புது டிராக்டர், பழைய டிரெய்லர்

"ஏண்ணே, ஒரு கொக்கியை மாட்டுறதுக்கு இம்புட்டு நேரமா? ஒனக்கென்ன, நெழல்ல ஒக்காந்து சோலி பாக்குற!"

கேட்டது பாண்டியம்மாள். ஏலக்காய் எடுக்கத் தோட்டத்துக்குப் போகவேண்டிய பன்னிரண்டு பெண்களும் போடி வெல்டிங் பட்டறை வாசலில், தூக்குவாளியும் கையுமாக விடிந்ததிலிருந்து குந்தியிருந்தார்கள். ஒன்பது மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அரைநாள் கூலிதான்.

பட்டறைக்கார ஒச்சப்பன் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டான்.

"நேத்துவரைக்கும் இந்த டிரெய்லரை ஜீப்பு இழுத்துச்சு. இப்ப டிராக்டரு. இதோட கொக்கி ஒரு சாண் ஒசரம், தாயி. அப்பிடியே மாட்டுனா டிரெய்லரு மூக்கைத் தூக்கிக்கும். நீங்கல்லாம் பின்னால சரிஞ்சிருவீக. அதான் கொக்கியை இறக்கி வைக்கிறேன்."

"அதான் இறக்கி வச்சிட்டியே!"

"லேசா ஒட்டித்தான் வச்சிருக்கேன். முழுசாப் பத்தவைக்கணும். குரங்கணி மலை ஏத்தத்துல விட்டுச்சுன்னா..."

"வாயைக் கழுவுண்ணே!"

அந்த நேரம் கார் வந்து நின்றது. தோட்டத்து முதலாளி லிங்கேஸ்வரன், அத்தனை பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பாண்டியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனுசன்னா இவரல்லவா மனுசன். இந்த ஒச்சப்பனும் இருக்கானே!

"காயெல்லாம் பழுத்து வெடிக்குது, ஒச்சப்பா. ஒட்டுனவரைக்கும் போதும். மிச்சத்தைச் சாயங்காலம் பாத்துக்கலாம்."

"வேணாம் மொதலாளி. ஆளுக ஏறுற வண்டி. அரை மணி நேரம் குடுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. ஏறுங்க தாயி, வெரசா ஏறுங்க. ஒங்க கூலி போயிரக்கூடாது."

ஒச்சப்பன் வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டு ஒதுங்கினான். பெண்கள் ஏறினார்கள். பாண்டியம்மாள் முதலாளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

"இருப்பா, இருப்பா!"

முதலாளி ஓடிவந்து டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த மருந்தடிக்கிற மோட்டாரை மட்டும் எறக்கி என் கார்ல வையி. புதுசு. கொக்கி விட்டுச்சுன்னா வீணாப் போயிரும்."

மோட்டாரை இறக்கினார்கள். அதன் பின்னாலேயே பாண்டியம்மாளும் இறங்கினாள்.