ஆறு மில்லிசெகண்ட் தாமதம்

நாலாவது விரலும் துண்டாகிக் கீழே விழுந்தது. அவள் முகம் சுளிக்காமல் குனிந்து பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கேரட் விரல்தான். ஆனால் அடுத்த வாரம் இந்தக் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நிஜ விரலோடு ஓர் ஆள் நிற்பான்.

கத்திக்கு முன்னால் காவலாக ஓடும் ஒளிக்கோட்டை விரல் தொட்ட நொடியில், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கத்தியை நிறுத்த வேண்டும். அவள் எழுதிய புரோகிராமுக்கு அதுதான் தலையாய கடமை. இரண்டு மில்லிசெகண்டில் நிறுத்த வேண்டியது, எப்போதாவது ஒரு தடவை எட்டு எடுத்துக்கொண்டது. அந்தக் கூடுதல் ஆறைத் தேடித் தேடிப் பதினாறு நாளாக அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

"என்னம்மா, ஆச்சா?" மேனேஜர் வந்து நின்றார். கையிலிருந்த போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல இன்னும் சிவப்பாத்தானே காட்டுது! சாயங்காலம் முதலாளிக்கு யார் தப்புன்னு பேரோட எழுதணும். ஆள் கிடைக்கலேன்னா உன் பேருதான். அப்புறம் வேலை போச்சேன்னு அழக்கூடாது."

"தேடிட்டுத்தான் சார் இருக்கேன்." கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ரெண்டு மணி நேரம் மீட்டிங். போனைக்கூட அணைச்சு வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க. அதுக்குள்ள முடிச்சிருப்பேன்னு பார்த்தேன்."

"அந்த ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் சார் ஓடுச்சு. எண்ணூறு தடவை நீட்டினேன், ஒரு கீறல் இல்லை. மீட்டிங் முடிஞ்சு நீங்க வெளியே வந்தப்புறம்தான் நாலு விரல் போச்சு."

"அப்ப என் ராசி சரியில்லைங்கறியா?"

அவள் அளவுக் கருவியின் திரையை உற்றுப் பார்த்தாள். வினாடிக்கு ஒரு தடவை, தவறாமல், சின்னதாக ஒரு மேடு. நாலு விரல் போன நேரமும் சொல்லிவைத்தாற்போல் அந்த மேட்டின் மேலேயே இருந்தது. இயந்திரத்துக்கு வந்துபோன அழைப்புகளின் பட்டியலைத் திறந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"கிடைச்சிடுச்சு சார்," என்றாள். சந்தோஷம்கூட அவளுக்குக் களைப்பாகத்தான் வந்தது. "மிஷின் எப்படி ஓடுதுன்னு பார்க்க, வெளியாளை வச்சு ஒரு வெப் பக்கம் செஞ்சு வாங்கினோமே? அதைத் திறந்து வச்சா, செகண்டுக்கு ஒரு தடவை மிஷினைக் கூப்பிட்டு 'நல்லா இருக்கியா'ன்னு கேட்குது. பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் மிஷினுக்கு வேற எதுவும் காதுல விழறதில்லை. பதினாறு நாளா ஒருத்தர் அதை மூடவே இல்லை."

"அடப்பாவி! ஒருத்தன் விரலே போயிருக்குமே!" மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். "யாரும்மா அந்த அறிவுகெட்டவன்? பேரைச் சொல்லு, இப்பவே எழுதிடறேன்."

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது திறந்திருக்கிறது உங்க போன்லதான், சார்."