அம்மாவுக்கு ஒரு மீன்

பாலை மறக்கடித்த கையோடு தாய்க் கடல்நாய் கடலுக்குள் போய்விட்டது. பனித்திட்டில் தனியே கிடந்த குட்டி, "அம்மா வந்து கூப்பிட்டாத்தான் தண்ணியிலே இறங்குவேன்" என்று அடம்பிடித்தது.

"இப்படியே கிடந்தா பட்டினியிலே செத்துப்போவேடா" என்றது கடற்காகம்.

நாளாக ஆக, குட்டியின் உடம்புக்குள் ஏதோ புதிதாகச் சுரந்தது. வெள்ளை ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. துடுப்புகள் தாமாகவே கடல் பக்கம் நகர்ந்தன.

"எங்கே கிளம்பிட்டே?"

"நான் போகலை அத்தை. உடம்புதான் இழுத்துட்டுப் போகுது."

முங்கி எழுந்தபோது அதன் வாயில் ஒரு மீன் துடித்தது.

"இது அம்மாவுக்கு" என்று பனியில் வைத்தது. சற்று நேரம் கடலையே பார்த்தது. பிறகு தலையைத் தின்றது. நடுத்துண்டையும் தின்றது.

"வாலையாவது மிச்சம் வைடா."

"அம்மாவுக்கு வால் பிடிக்காது அத்தை" என்று அதையும் விழுங்கிவிட்டு, மறுபடி குதித்தது.