நட்சத்திர மீனின் கை

கடலுக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. அக்கா அவருடைய பழைய சட்டைகளைக் கிழித்து, உள்ளே கம்பி வைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு நட்சத்திர மீன் தைத்தாள். கை போனாலும் மறுபடி வளர்த்துக்கொள்ளும் பிராணி என்பதால் ஊரில் நடந்த கைவினைக் கண்காட்சிக்கு அதையே தேர்ந்தெடுத்தாள். கண்காட்சிக் கூடத்தின் வாசலில் அது நுழையவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கையை வெட்டி உள்ளே கொண்டுபோனோம்.

மறுநாள் காலையில் வெட்டிய இடத்தில் புதுக் கை இருந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. தொட்டால் ஈரம்; உப்பு வாடை.

"நீயா தைச்சே?" என்று கேட்டேன்.

"இந்தச் சட்டை என்கிட்ட ஏதுடி? அன்னிக்கு அவரு போட்டுட்டுப் போனது."

அக்கா கத்தரிக்கோலை எடுத்து அடுத்த கையை வெட்டத் தொடங்கினாள். நான் தடுத்தேன்.

"விடுடி," என்றாள். "முழுசா வரட்டும்."